களத்தில் சொல்லாத பெயர்

அண்ணனின் முதலாவது ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. அதனால் அண்ணனின் ஒரே மகள்தான் இதை எழுதவேண்டும் என்று சொன்னேன். "நீங்கதான் எழுதோணும் சித்தப்பா. போட்டதும் நீங்கதானே" என்றாள். எதைப் போட்டேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அண்ணன் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயதானபோது அப்பாவை வயல் வரம்பில் பாம்பு தீண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. மறுநாளே வட்டையில், எங்கள் வயல்வெளியில், அப்பா விட்ட இடத்திலிருந்து அண்ணன் உழத் தொடங்கினார். அவர் உழுதார், நாங்கள் சாப்பிட்டோம். நான் ஓடிப் போனேன். லொறியில் கிளீனராக, கட்டாரில் கம்பி கட்டுபவனாக, கடைசியில் அயர்லாந்தில் இறைச்சி வெட்டுபவனாக இருந்தேன். போன இடத்திலிருந்து எப்போது அழைத்தாலும் அண்ணன் முதலில் கேட்டது "சாப்பிட்டியா?" என்பதைத்தான்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். துறையிலிருந்து நகரப் பக்கம் போன ஒரு தோணியில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். ஒருவர், அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த சகோதரர். இன்னொருவர் அயலூர்க்காரர். மூன்றாமவர் எங்கள் தூரத்து உறவினர். அவர் மட்டும் மனைவியின் சேலையைக் கட்டி, முக்காடு போட்டு, பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தார். அக்கரையில் மறித்து, பெண்களைப் போக விட்டார்கள். மற்ற இரண்டு ஆண்களும் திரும்பி வரவில்லை. அண்ணன் நான்கு வருடம் ஒரு படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முகாம் வாசல்களில் நின்றார். பிறகு படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு உழப் போனார்.

சேலை கட்டிய கதை ஊர் முழுவதற்கும் தெரியும். அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கொம்புமுறிக் களம்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்தால், நோய் பரவினால், கண்ணகி அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். காட்டில் வெட்டிய இரண்டு வளைந்த வைரக் கட்டைகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். இழுக்கும்போது ஒரு சேரி மற்றதை வசை பாடும். எந்த வசையும் பாடலாம், கூசாமல் பாடலாம். ஆனால் ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது. முடிவில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தித் தண்ணீர் தெளித்த பிறகு அந்த வசையை யாரும் திருப்பிச் சொல்லவும் கூடாது. நாங்கள் தென்சேரி. சேலை கட்டியவர் வடசேரி.

அந்த வடசேரிக்காரரின் மகனும் அண்ணனின் மகளும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவரையொருவர் விரும்பினார்கள். அண்ணன் மறுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "அந்தத் தோணியில புள்ளயளா போனதுகள்?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார். அண்ணனின் குணத்தைச் சொல்ல எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

கல்யாணப் பேச்சு முடிந்த வருடம் வட்டை வெடித்துக் கிடந்தது. பல வருடங்களாக நடக்காத கொம்புமுறியை நடத்தக் கோயிலில் முடிவெடுத்தார்கள். கோயில் வெளி அப்போது கிரிக்கெட் மைதானமாகியிருந்தது. நடுவில் சீமெந்து பிச், ஓரத்தில் ஒலிபெருக்கி. கிரிக்கெட் கழகத்துப் பிள்ளைகள் அண்ணனிடம் வந்தார்கள்.

"பெரியப்பா, பிச்சுக்கு மேலால வடத்த இழுத்தா எங்கட மட்ச் என்ன ஆகும்?"

"மழை வந்தா உன்ட மட்ச்சும் போகும்டா. அதுக்குத்தான் இழுக்கிறம்."

"வேர்ல்ட் கப்பில கொம்பு இருக்கா?"

"உன்ட டீம் இருக்கா?"

அதோடு அவர்களும் சிரித்துக்கொண்டு வடம் பிடிக்க வந்தார்கள். அன்று அண்ணன் பாடியது இது:

வாவி கடக்கையிலே வடசேரி மாப்பிள்ளைக்கு
சேலை சரிஞ்சதடி, மீசை தெரிஞ்சதடி!

களம் சிரித்தது. வடசேரிக்காரரும் மீசையை முறுக்கிக்கொண்டு சிரித்தார். "அடே தென்சேரி, அடுத்த வருசம் வா, உனக்கு வச்சிருக்கன்!" என்று கத்தினார். வடசேரிக் கொம்பு முறிந்தது. குளிர்த்தி தெளித்தார்கள். வருங்காலச் சம்பந்திகள் இருவரும் ஒரே வாழையிலையில் பொங்கல் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கிரிக்கெட் பிள்ளை ஒருவன் அண்ணன் பாடியதைத் தொலைபேசியில் வீடியோ எடுத்திருந்தான். மகள் எனக்கு அனுப்பினாள். "அப்பாட பாட்டக் கேளுங்க சித்தப்பா. வெளியில போடாதீங்க" என்று குரல் பதிவிலும் சொல்லியிருந்தாள். நான் பாட்டை மட்டும் கேட்டேன்.

அயர்லாந்தில் என்னோடு மாட்டெலும்பு நீக்கியவன் ஹேர்லிங் ஆடுபவன். நுனி அகன்ற மரத்தடியால் பந்தை அடிக்கும் அவர்களின் பழைய ஆட்டம் அது. அதில் அவன் இரண்டு பல்லை இழந்திருந்தான். அவனுடைய ஊர்ப் பிள்ளைகள் இங்கிலாந்துக் கால்பந்து அணிகளின் சட்டை போட்டுத் திரிந்தார்கள், பாதிப் பேர் அவுஸ்திரேலியா போய்விட்டார்கள். பதினைந்து பேரைச் சேர்க்க முடியாமல் அந்த வருடம் எதிரி ஊரோடு சேர்ந்து ஆடியதை, சாவு வீட்டுக் கதை போலச் சொன்னான். எங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று காட்டும் ஆசையில் நான் தொலைபேசியை எடுத்தேன். பாட்டின் பொருளைச் சொன்னேன். சாப்பாட்டு மேசையே சிரித்தது. மற்ற இரண்டு ஆண்களுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கதை கெட்டுப்போகும் என்று நினைத்தேன்.

அந்தச் சிரிப்பு போதவில்லை. அன்றே முகநூலில் போட்டேன். தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று வடசேரிக்காரரின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதினேன்.

இரண்டு நாளில் அது கனடா, லண்டன் எல்லாம் போய்விட்டது. முகம் தெரியாதவர்கள் அவருடைய படத்துக்குச் சேலை கட்டினார்கள், பொட்டு வைத்தார்கள். செங்கலடிச் சந்தையில் அவர் மீன் இறக்கும்போது பின்னால் நின்று பாடினார்கள். யாரோ ஒரு சேலையைப் பொதி செய்து அவர் வீட்டு விலாசத்துக்கு அனுப்பினார்கள். அவர் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். கல்யாணமும் நின்றது. மாப்பிள்ளை தகப்பன் சொன்னதைக் கேட்டு விலகி, அடுத்த வருடமே வேறிடத்தில் செய்துகொண்டார்.

அண்ணன் என்னை அழைத்தார். அன்று சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"பாட்டப் போட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. பேர ஏன்டா போட்டாய்?"

நான் அதை அழித்தேன். மற்றவர்கள் எடுத்து வைத்திருந்ததை என்னால் அழிக்க முடியவில்லை. அண்ணன் வடசேரிக்காரரின் வீட்டுக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை. மழை அந்த வருடம் பெய்தது. கொம்பு அதற்குப் பிறகு இழுக்கப்படவில்லை. யாரைப் பாடுவது, யார் படமெடுத்துப் போடுவார் என்ற பயம்.

மூன்றாம் வருடம் அண்ணனின் நாக்கில் புண் வந்தது. வெற்றிலையும் புகையிலையும்தான் காரணம் என்றார் டொக்டர். "பாடின வாய்க்குத்தான் வந்திருக்கு" என்றார்கள் அயலவர்கள், அண்ணனின் மனைவியான என் மச்சாளின் காதில் விழும்படியாக. நாக்கில் பாதியை வெட்டினார்கள். நான் வேலையை விட்டு வந்தபோது அண்ணனின் வாயில் இரத்தத்துக்குப் பஞ்சு வைத்திருந்தார்கள், அவரால் பேச முடியவில்லை. கட்டிலருகில் நின்று மன்னிப்புக் கேட்டேன். மகளின் கொப்பியை வாங்கி எழுதிக் காட்டினார்: "அவளிட்டக் கேள்." அவளிடம் கேட்டேன். "பாப்பம்" என்றாள்.

ஒருநாள் பின்னேரம் வடசேரிக்காரர் படலையைத் திறந்து வந்தார். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மச்சாள் போட்ட கதிரையில் உட்காரவில்லை.

"அடுத்த வருசம் வச்சிருக்கன் எண்டு சொன்னன். களம்தான் வரல்ல. நீ போகமுன்னம் குடுத்திட்டுப் போறன்" என்றார். பிறகு கட்டிலைப் பார்த்து, கணீரென்று பாடினார்:

தென்சேரிப் பாட்டு வாய் பஞ்சை விழுங்குதடி,
கேட்டுச் சிரிச்ச சனம் கிட்ட வரல்லியடி!

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எனக்கு அவரை வெளியே தள்ளவேண்டும் போலிருந்தது. அண்ணன் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். மகளைப் பார்த்தார், கட்டில் சட்டத்தில் இரண்டு விரலால் தாளம் போட்டார். சேரி தகப்பன் வழியாக வருவது. பதில் சொல்ல அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை. நான் இருந்தேன், என்னை அவர் பார்க்கவில்லை.

மகள் சுவரோடு சாய்ந்து நின்றாள். தாளம் மூன்று முறை திரும்பிய பிறகு பாடினாள்:

அப்பன் சொல்லுக்கு ஓமெண்டு போனவர்க்கு
மீசை இருந்தென்ன, சேலை குடுத்தனுப்பு!

அண்ணனின் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் பாட்டுப் படிக்கிறா புள்ள" என்றார் வடசேரிக்காரர். "என்ட மகனுக்கும் இதச் சொல்லட்டா?"

"நீங்க ஏன் மாமா கரைச்சல்படுறீங்க? சித்தப்பா போட்டிருவார்."

அண்ணன் சிரித்தார். சிரித்ததில் வாயிலிருந்து இரத்தம் வந்தது. மகள் துடைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் காலை அண்ணன் காலமானார். பாடையின் முன்பக்கத்தை வடசேரிக்காரர்தான் தூக்கினார்.

கல்லடியிலிருந்து ஒரு குடும்பம் இந்த மாசியில் மகளைப் பார்க்க வந்தது. "அந்தப் பாட்டுக்காரர்ட மகளா?" என்று கேட்டார் தாயார். "ஓம். பாடிக் காட்டவா?" என்றாள் மகள். தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

அண்ணனின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வாகனம் ஓட்டியவருக்கும், புண்ணைக் கழுவ அருவருக்காமல் வந்த தாதிக்கும், வட்டையில் அவருடைய பங்கை விதைத்து வெட்டித் தந்தவர்களுக்கும், எட்டாம் நாள்வரை எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய அயல் வீடுகளுக்கும், அண்ணனின் பேரில் சோறு கொடுத்த கந்தூரிப் பந்தலுக்குத் தென்னங்கிடுகு கட்டிய கிரிக்கெட் கழகத்துப் பிள்ளைகளுக்கும், பாடை தூக்கியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் யார் வீட்டிலாவது வசைக்குப் பயப்படாத மாப்பிள்ளை இருந்தால் நேரே மகளிடம் வந்து கேளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி