அணைவதைப் பார்க்கிற வேலை

அந்தப் படம் வந்தபோது எனக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. லீவில் திருத்தங்கலுக்கு வந்து அக்கா வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் திறந்தவன் மறுபடி தட்டுப் பக்கம் போகவில்லை.

வானியல் ஆய்வகத்தில் என் வேலை இதுதான். எங்கோ தொலைவில் செத்த நட்சத்திரங்கள் இரண்டு மோதினால் அந்த அதிர்வு அலையாக இங்கே வரும். அந்த ஈர்ப்பு அலையைப் பிடிக்கும் கருவிகள், வானத்தில் ஏறத்தாழ எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, அதிலிருந்து பழைய படத்தைக் கழித்து, நேற்று இல்லாத வெளிச்சப் புள்ளியைத் தேட வேண்டும். மோதலில் பிறந்த அசல் புள்ளி என்றால் சில நாளிலேயே சிவந்து மங்கிவிடும். இத்தனை வருஷம் தேடியும் எனக்கு ஒன்றுகூடச் சிக்கியதில்லை.

அன்று சிக்கியது. ஒரு கேலக்ஸியின் ஓரத்தில், நீலமாக, பளிச்சென்று. எங்கள் டீம் தலைவிக்குப் போன் செய்தேன்.

"லேட் பண்ணினா வேற டீம் முந்திடும் சார். தப்பாப் போனா, நம்மள நம்பி எல்லா பெரிய டெலஸ்கோப்பும் அங்க திரும்பி ஏமாந்துடும். பார்த்து முடிவு பண்ணுங்க," என்றார்.

'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அறிவிப்பை டைப் செய்துவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர் மாரிச்சாமி மச்சான் வந்து நின்றார். பட்டாசு கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்து, அந்த லாட்டுச் சரக்கு முழுக்க வெளியே போகலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்.

"அந்தப் பொட்டியவே எம்புட்டு நேரம் மொறைப்பீக? வாங்க மாப்ளே, ஒரு சாம்பிள் பாத்துட்டு வருவோம்."

ஆனைக்குட்டம் பக்கத்துப் பொட்டலில் ஒரு வாணம் மேலே போய்ச் சிவப்பாகப் பூத்தது. எல்லோரும் கைதட்டினோம். கம்பெனி மேனேஜர் கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டினார். மச்சான் திரும்பவே இல்லை, அண்ணாந்தபடி நின்றார். ஒரு கங்கு மட்டும் அணையாமல் காய்ந்த புல்லில் வந்து விழுந்தது. போய் மிதித்து அணைத்தார்.

"வேணாம் தம்பி. இந்த லாட்டு போகக் கூடாது."

"லோடு ஏத்த லாரி நிக்குது அண்ணாச்சி. அம்சமாத்தான பூத்துச்சு?"

"பூக்குறத ஊரே பாக்கும். அணையுறத நான்தான பாக்கணும். கங்கு ஒரு கூரையில விளுந்தா யாரு பதில் சொல்றது?"

மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பும்போது பைக்கில் மச்சான் சொன்னார்: "சீசன் நேரத்துல வேணாம்னு சொல்ல எனக்கும் பயந்தான் மாப்ளே." எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு அங்கேயே இரண்டு மடங்கானது.

வீட்டுக்கு வந்ததும், இன்னொரு ராத்திரிப் படத்தையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தலைவிக்குத் தகவல் அனுப்பினேன். மறுநாள் காலையில் படம் வந்தது. புள்ளி மங்கவே இல்லை. அதே நீலம், முன்னைவிடக் கொஞ்சம் பிரகாசம். அது வேறு ஏதோ நட்சத்திரம் தனியாக வெடித்த சாதாரண சூப்பர்நோவா. எனக்கு அழுகையே வந்தது. அறிவிப்பை அழித்துவிட்டுப் போன் போட்டேன்.

"இது இல்ல மேடம்."

"அனுப்பாம இருந்தீங்களே, அதுவே பெருசு," என்றார்.

ஓய்வுபெறும் நாள்வரை அசல் புள்ளி எதுவும் என் கையில் கிடைக்கவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, புள்ளி கிடைத்த ராத்திரியோடு நிற்காதீர்கள், அடுத்த ராத்திரியும் பாருங்கள் என்பதுதான். இத்தனை வருஷமும் 'இது இல்லை' என்று மட்டுமே எழுதிவிட்டு வந்திருக்கிறேன் என்று மச்சானிடம் ஒருநாள் புலம்பினேன்.

"கையெழுத்துப் போடாம இருக்கவும் சேத்துத்தான மாப்ளே நமக்குச் சம்பளம் குடுக்காக," என்றார்.