மதினியின் இலவசப் படம்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு உப்பு பாக்கெட்டின் வெற்று உறை இருக்கிறது. ஓரங்களைக் கத்தரித்து, விரித்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். முகப்பில் ஒரு பெண் தலையில் உப்புக்கூடையோடு வாய்விட்டுச் சிரிக்கிறாள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, இடது மூக்கில் மூக்குத்தி. தோளிலிருந்து சட்டைக் காலர்வரை உப்புக் கம்பெனியின் பெயர் சிவப்பு எழுத்தில் ஓடுகிறது. அவள் என் மதினி, என் அண்ணனின் மனைவி. அந்தச் சட்டை அண்ணனுடையது. மூக்குத்தி மட்டும் தப்பான பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் செய்வேன். வருகிறவர்களில் பாதிப் பேர் “நெட்டுல நல்ல படமாப் பாத்து எடுத்துப் போடுங்க அண்ணாச்சி” என்பார்கள். நெட்டில் கிடப்பதெல்லாம் சும்மா கிடக்கிறது என்று நினைப்பு. பக்கத்துக் கடைக்காரர் அப்படி எடுத்துப் போட்ட ஒரு கேக் படத்துக்கு எங்கிருந்தோ வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. படம் எடுத்தவரே மனமுவந்து ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று உரிமம் எழுதிவிட்ட படங்கள் தனியாக இருக்கின்றன என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தேடும் இடத்திலேயே உரிமத்துக்கென்று ஒரு வடிகட்டி உண்டு. அதைத் தட்டினால் மற்றதெல்லாம் விலகி இவை மட்டும் நிற்கும். சிலர் என் பெயரைப் போட்டால் போதும் என்பார்கள், சிலர் வியாபாரத்துக்கு ஆகாது என்பார்கள், சிலர் ஒன்றுமே கேட்கமாட்டார்கள். ஒரே தொல்லை, நம் ஊர் முகம் கிடைக்காது. மீன் வாங்கும் பெண் என்று தேடினால் ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரி கையுறை போட்டுக்கொண்டு நிற்பாள். அவளை வைத்து இங்கே ஒரு சாளை மீனைக்கூட விற்க முடியாது.

அப்படித்தான் ஒருநாள் ஒரு உப்பு வியாபாரியின் காலண்டருக்காகப் படம் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளை வெளேரென்ற பாத்திகள், கூம்பு கூம்பாகக் குவித்த உப்பு அம்பாரம், அதன் முன்னால் என் மதினி. கையில் இருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அண்ணன் காய்ச்சலில் போன பிறகு அவள் முத்தையாபுரத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்துத்தான் மகளை வளர்த்தாள். வெயிலும் உப்பும் மேலே படாமலிருக்க அண்ணனின் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வாள். உப்பளத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஆனால் அந்தச் சட்டையில் பித்தானை மாற்றிப் போட்டிருந்தாள். அண்ணனும் அப்படித்தான் மாற்றிப் போடுவான்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் அவளிடம் போனில் காட்டினேன். அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் தாங்கவில்லை. “ஏ கொழுந்தனாரே, இந்த மூஞ்சியப் போயி ஊரே பாக்குதாக்கும்!” என்றாள். எடுத்தவரை நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள். வெளியூர்ப் பையன், கேமராவைக் கீழே வைத்துவிட்டு முதலில் அனுமதி கேட்டானாம். இதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி போடப்போகிறேன், சம்மதமா என்றும் கேட்டானாம். “நல்லா எடுத்துட்டுப் போட்டும்னு சொன்னேன். அம்பாரத்துல கைப்பிடி உப்பு அள்ளுதவன யாராச்சும் தடுப்பாங்களா?” என்றாள். எங்கள் பக்கத்து அளங்களில் அது வழக்கம். வழியோடு போகிறவர் வீட்டுக்கென்று ஒரு கை அள்ளிக்கொண்டால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அம்பாரம் குறையாது என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. படத்தையும் அவள் அப்படித்தான் கொடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளை நான் பல இடங்களில் பார்த்தேன். ஒரு சுற்றுலா விளம்பரம், ஒரு மகளிர் தினக் கட்டுரை, ஒரு கடன் திட்டத்தின் துண்டறிக்கை. ஒவ்வொன்றையும் காட்டினால் சிரிப்பாள். திருச்செந்தூருக்குப் போயிருந்தபோது கோயில் வாசல் கடையில் உப்பு பாக்கெட்டில் தன்னையே பார்த்திருக்கிறாள். வருஷக்கணக்காக உப்பை மிதித்து நின்றவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடையில் உப்பு வாங்கினாள். கடைக்காரரிடம் “அண்ணாச்சி, இது நாந்தான்” என்றாளாம். அவர் பாக்கெட்டையும் பார்த்து இவளையும் பார்த்து, “மூக்குத்தி அந்தப் பக்கம்லா இருக்கு” என்று சொல்லிவிட்டாராம். எழுத்துக்கு இடம் வேண்டுமென்று யாரோ படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுக்கச் சிரித்தோம். உப்பைக் கொட்டிவிட்டு உறையைக் கழுவித் துடைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

மகளுக்குச் சாத்தான்குளம் பக்கமிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் வளைகுடாவில் வேலை. பூ வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தபோது, புது பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்த பிளெக்ஸைப் பையனின் அம்மா பார்த்திருக்கிறாள். ஆள் உயரத்துக்கு என் மதினி. பக்கத்தில், ‘எனக்குக் காசநோய் இருந்தது. நான் மறைக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் நல்ல நோக்கத்தோடுதான் வைத்திருந்தது. படத்தின் ஓரத்தில் எடுத்தவரின் பெயரைக்கூடப் பொடி எழுத்தில் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். உரிமம் கேட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வராமல் அப்படியே திரும்பிவிட்டார்கள். போனில்தான் செய்தி வந்தது. “பொண்ணுக்க அம்மைக்குச் சீக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?” என்று கேட்டார்களாம். இல்லை என்று மதினி சத்தியம் செய்தாள். இல்லாத சீக்கை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சீட்டு வாங்கிக்கொண்டு நானே பையன் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் சீட்டைப் படித்துவிட்டு மரியாதையாகக் காப்பி கொடுத்தாள். “அவியளே போஸ்டர்ல சொல்லிட்டு, இப்ப நீங்க இல்லங்கிய” என்றாள். வந்த வழியே திரும்பினேன்.

மதினி கடைக்கு வந்து என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கேலி இல்லை, ‘கொழுந்தனாரே’ இல்லை. “ஏலே, அந்தப் படத்த எடுக்கச் சொல்லு. எங்கெங்க இருக்கோ அங்கன எல்லாம் எடுக்கச் சொல்லு” என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். தொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். நெளிந்தார்கள், வருத்தப்பட்டார்கள், பிளெக்ஸைக் கழற்றினார்கள். ஆனால் அதே காசநோய் விளம்பரத்தை ஊர் ஊராக யார் யாரோ நகலெடுத்து, போனில் சுற்றவிட்டு, வேறு வேறு எழுத்துகளோடு அச்சடித்திருந்தார்கள். சிலரைப் பிடித்தேன். “இலவசப் படம்தான சார்?” என்றார்கள். உரிமம் படத்தைப் பற்றித்தான் பேசுகிறது. படத்துக்குள் நிற்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இத்தனை வருஷம் அந்த வடிகட்டியைத் தட்டியிருக்கிறேன், தட்டியபின் வரிசையாக வந்து நின்ற முகங்களில் ஒன்றைப் பற்றிக்கூட நான் அப்படி யோசித்ததில்லை.

படம் எடுத்தவருக்கு எழுதினேன். உடனே பதில் போட்டார். மனிதர் உருகிப் போயிருந்தார். என் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன், ஆனால் ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, ஏற்கெனவே எடுத்தவர்கள் எடுத்ததுதான் என்று விளக்கமாக எழுதியிருந்தார். நான் மதினிக்கு அதை வாசித்துக் காட்டினேன். “அப்ப அவரு மட்டும் அழிப்பாரு, மத்தவன் எல்லாம் வச்சிருப்பான்” என்றாள். ஆமாம் என்றேன். “சரி, அவரையாவது அழிக்கச் சொல்லு. ஒங்கிட்ட இருக்கதையும் அழி, நான் பாக்கணும்” என்றாள். அவள் கண்முன்னால் கணினியில் அழித்தேன், போனில் அழித்தேன், குப்பைத்தொட்டிக் குறியையும் காலி செய்தேன். வீட்டுக்குப் போய் உறையை அடுப்பில் போடச் சொல்லி மகளிடம் கொடுத்திருக்கிறாள். படம் எடுத்தவர் தன்னிடமிருந்த மூலத்தையும் சேர்த்து அழித்துவிட்டதாக மறுவாரம் எழுதினார். மதினிக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வேறெதுவும் ஆறவில்லை. உப்பளத்தில் அவளைப் ‘போஸ்டரக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிலர் அவள் குடித்த செம்பைத் தொடமாட்டார்கள். அவள் தலைத்துணியை இறக்கி மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், அதைப் பார்த்துச் சீக்கு உண்மைதான் என்று இன்னும் நாலு பேர் நம்பினார்கள். மகளுக்கு வந்த ஒன்றிரண்டு இடங்களும் விசாரித்துவிட்டு நின்றுபோயின. அவள் நகரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். மதினி எந்தக் கல்யாண வீட்டிலும் கேமரா பக்கம் நிற்கவில்லை. யாராவது போனைத் தூக்கினால் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

போன வருஷம் கோடையில், பாத்தி ஓரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி மகள் திரும்பச் சொல்லச் சொன்னாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவசரத்தில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் போட்டேன். யாரோ அதட்டி உட்காரவைத்ததுபோல இருந்தது. பதினாறாம் நாள் வீட்டில் மாட்டப் படம் வேண்டும் என்றபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆதார் படத்த மாட்டாதிய சித்தப்பா. அம்ம சிரிச்ச படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதத் தேடித் தாங்க.”

தேடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு தேடலைத் தேடியதில்லை. எத்தனை விதமாகக் கேட்டாலும் திரையில் அவள் வந்துகொண்டே இருந்தாள். ஒன்றில் நெற்றியோடு வெட்டியிருந்தார்கள். ஒன்றில் நிறத்தை வெளுப்பாக்கி வைத்திருந்தார்கள். ஒன்றில் கண்மேல் கறுப்புப் பட்டை. மிச்சமெல்லாம் காசநோய், நெஞ்சில் எழுத்தோடு, கன்னத்தில் எழுத்தோடு. எழுத்து விழாத படம் ஒன்றுகூட இல்லை. படம் எடுத்தவருக்கு மறுபடி எழுதினேன். நீங்கள் கேட்டபடி ஒரு பிரதியும் மிச்சம் வைக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. ஊரில் எத்தனையோ பேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில்லை. அந்த மனிதர் காப்பாற்றியிருந்தார், அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம்கோபமாக வந்தது.

அப்போதுதான் மகள் தன் சர்டிபிகேட் பையிலிருந்து அந்த உறையை எடுத்தாள். அம்மா எரிக்கச் சொன்னதை அவள் எரிக்கவில்லை. அதை ஸ்கேன் செய்து, இடவலமாகத் திருப்பி, மூக்குத்தியை வலது மூக்குக்குக் கொண்டுவந்தேன். பிளாஸ்டிக்கின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். சிவப்பு எழுத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும், அண்ணனின் கட்டம்போட்ட சட்டை. அதன் கட்டத்தை நினைவிலிருந்து வரைந்து வரைந்து எழுத்தை மூடினேன். காலர் ஓரத்தில் கடைசி எழுத்தின் வால் மட்டும் போகவில்லை. அதைத் துடைத்தால் அவள் மோவாயும் சேர்ந்து போனது. மோவாய் போனால் சிரிப்பு போனது. அப்படியே விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் கடைக்கு வந்து சும்மா கிடைக்கிற படமாகப் போடுங்கள் என்கிறார்கள். தேடித்தான் கொடுக்கிறேன், வேறு பிழைப்பு தெரியாது. உப்பு என்று யாராவது கேட்டால் மட்டும் வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறேன். நேற்று வருஷத் திதி. மகள் படத்திலிருந்து பழைய மாலையைக் கழற்றினாள். காலரில் அந்தச் சிவப்பு வெளியே தெரிந்தது. சாமி கும்பிட வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி அதை உற்றுப் பார்த்தாள், அவளும் அந்த பிளெக்ஸைப் பார்த்தவள்தான். “என்னளா இது, சட்டையில ரத்தமா? இருமல்ல வந்ததா?” என்று கேட்டாள். மகள் புது மாலையை அந்தச் சிவப்பு மறையும்படி இறக்கிப் போட்டாள். நான் கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்து உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி மூக்குத்தி மாறிய முகத்தோடு, உப்புக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.