கொய்யா மரத்தடித் தேரை

கோடை மழை பெய்து ஓய்ந்ததும், ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில், தொண்டை கட்டிய ஆட்டுக்குட்டியைப் போல ஒரு குரல் மண்ணுக்குள்ளிருந்து எழும். அதைக் கேட்டுவிட்டால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. குரலுக்குச் சொந்தக்காரர், உள்ளங்கையில் அடங்கிவிடும் மண்நிறத் தேரைதான்.

மழையே எட்டிப்பார்க்காத ஒரு வருடம், என் தங்கை மலர் இளைத்துக்கொண்டே போனாள். டானிக் வந்தது, சதை வரவில்லை. "கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் சாமி சோறு போடுறாரு, உனக்கென்னடி கேடு?" என்பது தட்டை நீட்டும்போதெல்லாம் அம்மா பாடும் பல்லவி. மலர் தட்டோடு பின்பக்கம் ஓடுவாள். தட்டு என்னவோ காலியாகத்தான் திரும்பும்.

சேக்காட்டிலிருந்து வரும் கீரைக்காரம்மா அவளைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கொயந்த இப்டி வத்திகினே போவுது? தேரை பாஞ்சிகீது. ஊட்டாண்ட எங்கனா கீதா பாரு" என்றார். அவ்வளவுதான், அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. துவைக்கிற கல்லைப் புரட்டினாள், பூந்தொட்டிகளைக் கவிழ்த்தாள், நானும் விளக்குமாற்றோடு பின்னாலேயே அலைந்தேன். தங்கை செத்துப்போய்விடுவாளோ என்று பயம்; அந்தப் பயமெல்லாம் தேரையின் மேல் கோபமாகத் திரும்பியிருந்தது.

கடைசியில் எறும்புகள்தான் காட்டிக்கொடுத்தன. கொய்யா மரத்தடிக் குழி ஒன்றை நோக்கி அவை சாரிசாரியாகப் போவதைக் கண்டு, அம்மா அடுப்பிலிருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குனிந்து பார்த்தால், குழிவாயில் பருப்புச்சோறு, சின்னச் சின்ன உருண்டைகளாக.

மலர் ஓடிவந்து குழியை மறைத்து உட்கார்ந்துகொண்டாள். "ஊத்தாதம்மா! சாமி வரவேயில்ல, நான்தான் போடுறேன். அது இன்னும் சாப்புடல."

அம்மா வெந்நீரை அப்படியே கீழே வைத்தாள். "தேரை பூச்சிதான்டி திங்கும், சோறு திங்காது கழுதை" என்று திட்டிக்கொண்டே அழுதாள். அன்று முதல் தட்டு மலர் கைக்குப் போகவில்லை; அம்மாவே ஊட்டினாள். மாதம் திரும்புவதற்குள் கன்னம் உப்பிவிட்டது.

இப்போது மலர் வேலப்பன்சாவடியில், நான் திருமுல்லைவாயிலில், இருவருமே அடுக்குமாடியில். வாசலில் கால்வைத்தால் சுற்றுச்சுவர் வரை சிமென்ட் கல். கொய்யாவும் இல்லை, குழியும் இல்லை. போன வாரம் கோடை மழை விட்டதும் வழக்கம்போல அவள் போன் வந்தது.

"அக்கா, அங்க கத்துதா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, கார்களுக்கு நடுவில் இரண்டு சுற்று நடந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. குழியை மறைத்து உட்கார்ந்த குழந்தையிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இன்னும் இல்லடி" என்றேன்.