எக்ஸ்ரே அக்காவின் சிறுநீரகம்

துணித் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைச் சோதனை போடுவதுதான் அவள் உத்தியோகம். பை, மடி, கொண்டை என்று எதையும் விடமாட்டாள். ஒருமுறை நிறைமாத வயிற்றோடு வந்தவளை நிறுத்தி, "குழந்தை ஜிப் வெச்சா பொறக்கப் போகுது?" என்று கேட்டாள். சேலைக்குள்ளே நான்கு கால்சட்டைகள் இருந்தன. அன்று முதல் அவள் எக்ஸ்ரே அக்கா ஆனாள்.

வேலையிலிருந்து ஓய்வு வந்தது, சந்தேகத்துக்கு ஓய்வு வரவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து அளவு குறைகிறது என்பாள். யாராவது போன் செய்து நலம் விசாரித்தால், "இவனுக்கு என்ன காரியம் ஆகணுமாம்?" என்பாள். அவள் கல்யாணமும் இப்படித்தான் நடக்காமலே போயிற்று. வந்த மாப்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இடித்தது. கணவனை இழந்த தங்கை வந்து சேர்ந்த பிறகு, மாடியில் இரண்டு அறை வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். தங்கை தையல்காரி. அதிர்ந்து பேசாதவள்.

அக்காவுக்கு எழுபது நெருங்கும்போது கண்ணில் புரை விழுந்தது. அறுவைக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தங்கையும் கூடப் போயிருந்தாள்.

"ஆபரேஷனுக்குத் தடையில்லம்மா. சிறுநீரகம் மட்டும் கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது. அது ரத்தத்தை வடிகட்டற அளவைச் சொல்ற எண் கொஞ்சம் கொறைவா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றாள் டாக்டர்.

பயப்பட ஒன்றுமில்லை என்றதுதான் அவளுக்கு உறுத்தியது. 'என் பையில ஒண்ணுமில்லக்கா' என்று கேட்காமலே சொல்பவளின் பையில்தான் ஏதாவது இருக்கும். இது அவள் அனுபவத்தில் கண்டது.

முதலில் பரிசோதனைக்கூடத்தின் மேல் சந்தேகம். குப்பியை மாற்றியிருப்பார்கள். யாரிடமும் சொல்லாமல் வேறொரு கூடத்தில் ரத்தம் கொடுத்தாள். அங்கேயும் ஏறக்குறைய அதே எண்தான். "ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கானுங்க" என்று முணுமுணுத்தாள். கீழ் வீட்டுக்காரி வேறு சும்மா இருக்கவில்லை. "எங்க மாமாவுக்கும் மொதல்ல கொஞ்சந்தான்னு சொன்னாங்க. இப்ப வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல படுக்கறாரு" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கால் வீங்கியிருக்குமோ என்று கணுக்காலை அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தாள். கழிவறையில் சிறுநீரில் நுரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நுரை இல்லையென்றால் அதுவும் சந்தேகமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் தங்கையின் போக்கு மாறியது. சாப்பாட்டில் உப்பு பாதியாயிற்று. அக்கா அறைக்குள் வந்தால் போன் பேச்சு சட்டென்று நின்றது. தையல் மெஷின் முன்னால் ஊசியை நிறுத்திவிட்டு அக்காவையே வெறித்துப் பார்த்தாள்.

"என்னடி பாக்கறே?"

"ஒண்ணுமில்லக்கா."

சரிதான். டாக்டர் உண்மையை இவளிடம் சொல்லியிருக்கிறாள் என்று அக்கா முடிவு கட்டினாள்.

ஒருநாள் காலை, நூல் வாங்கப் போகிறேன் என்று தங்கை கிளம்பினாள். அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். நூல் கடைக்குப் போகிறவள் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் ஏன் நிற்கிறாள்? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தங்கை ஏறிய பேருந்தின் பின்னாலேயே ஆட்டோவில் போனாள். பேருந்து மருத்துவமனை முன்னால் நின்றது.

டாக்டரின் அறைக் கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. அக்கா சுவரோடு ஒட்டி நின்று காதைக் கொடுத்தாள்.

"டாக்டர், என்னோடதுல ஒண்ணை எடுத்து அவளுக்கு வெச்சிர முடியுமா? ரெண்டு பேருக்கும் ஒரே ரத்த வகைதான்" என்றது தங்கையின் குரல்.

"யாருக்கும்மா? எதை?"

"அக்காவுக்கு, சிறுநீரகத்தை. ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது நல்லதுதானான்னு அதையும் சோதனை போடுவா."

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "யாரைக் கேட்டுடி இங்க வந்தே?" என்று கத்த வாயெடுத்தாள். பாதியிலேயே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரோடதும் யாருக்கும் வேணாம். வயசாக ஆக நெறைய பேருக்கு இப்படிக் கொஞ்சம் கொறையும். உங்களுக்கு சிறுநீர்ல புரதம் போகல, சர்க்கரை இல்ல, ரத்த அழுத்தமும் சரியா இருக்கு. பல பேருக்கு இது வருஷக்கணக்கா இப்படியே நிக்கும். அதைத் தெரிஞ்சுக்கத்தான் மறுபடி பாக்கலாம்னேன்."

"அப்ப அந்த மெஷினு?"

"இப்ப அந்தப் பேச்சே இல்லம்மா."

"இப்ப இல்லன்னா, எப்ப?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "வலி மாத்திரை ஏதாவது போடறீங்களா?"

"முட்டி வலிச்சா, எப்பவாவது."

"தினமும் போடறா" என்றாள் தங்கை. "தலகாணி உறைக்குள்ள வெச்சிருக்கா."

"என்னையே வேவு பாக்கறியா நீ?"

"ஏன், நீ மட்டுந்தான் பாக்கணுமா?"

அந்த மாத்திரைதான் சிறுநீரகத்துக்கு ஆகாதது என்று சொல்லி, முட்டிக்குத் தடவ ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தாள் டாக்டர். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும், சொம்புக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றாள்.

திரும்பும் பேருந்தில் அக்கா வெளியே பார்த்தபடி, "உன்னோடது ரெண்டையும் வெச்சுக்கிட்டு ஒழுங்கா இரு" என்றாள்.

"பயமா இருந்துச்சுக்கா. நீயும் போயிட்டா நான் யார்கூட மல்லுக்கட்டறது?"

தங்கையின் கையைப் பிடித்த அக்கா, இறங்கும் வரைக்கும் விடவில்லை.

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மாத்திரை நின்றது. முட்டி வலித்தது, களிம்பையும் டாக்டரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நடந்தாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வடிகட்டும் எண் குறையவில்லை, நல்லபடியாகச் சற்றே கூடியிருந்தது.

"அதெப்படிக் கூடும்?" என்று டாக்டரை மடக்கினாள் அக்கா. அது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று டாக்டர் விளக்கியதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு தங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவளுக்கும் ரத்தம் எடுங்க. என்னவோ மறைக்கறா."

தங்கைக்கு எல்லாம் சரியாக இருந்தது. அக்கா அதை இன்னும் முழுசாக நம்பவில்லை.