அடிக்குரல் இல்லாத கெசட்

கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வருகிறவர் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார், நம் முகத்துக்கு நேரே பாடித்தான் காட்டுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்துத் தலவாக்கலை பஜாரில் அப்படி எத்தனையோ பேர் பாடக் கேட்டுச் சிரிப்பை அடக்கியவன் நான். ஒரே ஒருவர் பாடும்போதுதான் வேறொன்றை அடக்க வேண்டி வந்தது.

எந்தத் தெற்கு?

லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் சாமுவேல், சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன இசைத்தட்டு ஒன்றைக் கெசட்டில் ஏற்றக் கொண்டுவந்தார். கூடவே யோசேப்பு, அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் மெசினில் வேலை செய்பவர்.

உறையில் ‘சதர்ன் கொஸ்பல்’ என்றிருந்தது. அமெரிக்காவின் தெற்கே வெள்ளைக்காரக் கிராமத்துச் சபைகளில் வளர்ந்த கிறிஸ்தவப் பாட்டு. பாட்டுப் புத்தகம் விற்கிற கம்பெனிகளே நான்கு பேரைச் சேர்த்து ஊர் ஊராகப் பாட அனுப்பினார்களாம். நம் தொழில்காரர்கள்! இவ்வளவையும் நான் படித்து விளக்கி முடித்ததும் யோசேப்பு கேட்டார்: “தெக்குன்னா, நம்ம தென்கோடி மாத்தறைக்கு அங்கிட்டுங்களா?”

மெசினும் மெட்டும்

கொஸ்பல் எல்லாம் ஒன்றுதானே என்று, அடுத்த முறை வேறொரு கெசட்டை வாத்தியார் தலையில் கட்டினேன். மறுநாளே திரும்பி வந்தது. “இதுவும் கொஸ்பல்தான் தம்பி. நல்ல பாட்டு. ஆனா இது கறுப்பு ஜனங்க சபையில பாடுறது. ஒருத்தர் கூப்பிடுவாரு, கூட்டமே கைதட்டிப் பதில் சொல்லும். நம்ம கீர்த்தனையில எல்லாரும் ஒரே மெட்டுல போவோம். நாங்க கேட்டதுல நாலு பேரும் நாலு வழியா போய் ஒரே எடத்துல சேருவாங்க” என்றார் வாத்தியார்.

தோட்டத்து வேதக்கோயிலில் வாத்தியாரும் யோசேப்பும் இன்னும் இரண்டு பேருமாக அப்படி நாலு பேர் பாடத் தொடங்கியிருந்தார்கள். எல்லாருக்கும் கீழே போகும் அடிக்குரல் யோசேப்பு. அவ்வளவு கீழே எப்படி இறங்குகிறீர்கள் என்று கேட்டேன். “ரோலர் சத்தத்தோட சேந்து பாடிப் பழகிட்டேங்க மொதலாளி. மெசின் நின்னுட்டா எனக்கும் மெட்டு நின்னுருது.”

ரெண்டு கெசட்

இரு நாட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. யோசேப்புக்கும் இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு முன்பே பயணம். நாலு பேரும் கடைக்கு வந்தார்கள். “ஒரு கெசட்டுல யோசேப்பு மட்டும் பாடட்டும், அது எங்களுக்கு. இன்னொண்ணுல நாங்க மூணு பேரு, அது அவருக்கு” என்றார் வாத்தியார்.

அடிக்குரலைத் தனியாகக் கேட்டிருக்கிறீர்களா? யாரோ சொல்லும் கதைக்கு ‘உம்’ கொட்டுவது மாதிரி இருக்கும். அது முடிந்து மற்ற மூவரும் பாடினார்கள். யோசேப்பு தனியாகப் பாடும் வரி வரும் இடத்தில் மூவரும் சும்மா இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் யோசேப்பு பாடிவிட்டார். மறுபடி பதிந்தோம், மறுபடியும் பாடினார். மூன்றாம் முறை அவராகவே வெளியே போய் ரோட்டோரம் நின்றுகொண்டார். அவருடைய இடத்தில் ஹட்டன் போகும் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் விழுந்தது.

உள்ளே வந்து முழுவதையும் கேட்டார். நான் மெசினைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். “நான் இல்லாமயும் நல்லாத்தான் இருக்குங்க மொதலாளி. அதுதான் தாங்க முடியல.”

கோத்தகிரிக் கடிதம்

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு என் டேப் ரெக்கோடரையே தூக்கிக்கொண்டு போனேன். நாலாவது ஆள் நின்ற இடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் டேப். மூன்று பேர் பாட, டேப்பிலிருந்து யோசேப்பு பாடினார். கோயிலில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

அவருக்குப் போன கெசட்டில் பஸ் சத்தம் இருந்தது எனக்குத் தொழில் அவமானம். நல்லதாக ஒன்று பதிந்து அனுப்புகிறேன் என்று எழுதினேன். கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதில் வந்தது: “பஸ் சத்தத்த எடுத்துறாதீங்க மொதலாளி. அது கேட்டதும்தான் நான் சேந்து பாடுறேன்.”

சதர்ன் கொஸ்பல் என்றால் நாலு பேர் பாடுவது என்று உறையில் போட்டிருந்தது சரிதான், ஆனால் அந்த நாலு பேரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.