கூரையைப் பார்க்கிற இன்ஷாப் காக்கா

இன்ஷாப் காக்கா எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் முதலில் கூரைகளைத்தான் பார்ப்பார். சலாம் சொல்வது அதற்குப் பிறகுதான். பதினைந்து வருடமாக என் ஜன்னலில் இருந்து இதைக் காண்கிறேன். வீட்டில் பெண்கள் தனியே இருக்கிற பகல் நேரத்தில் ஒரு ஆண் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் ஊர் என்ன நினைக்கும்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

அவர் எங்கள் கடலோர ஊர் மருதமுனையில் டீவியும் தண்ணீர் மோட்டரும் திருத்துகிறவர்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். சுனாமி அன்று அவருக்குப் பதினாறு வயது. ஃபோன்கள் எல்லாம் செத்துப்போயின. தன் உம்மா சம்மாந்துறையில் உயிரோடு இருக்கிறா என்ற செய்தி அவருக்கு வந்து சேர மூன்று நாள் ஆனது. அதன் பிறகு சோதனை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் எடுத்தார்; அன்டெனா வைக்க உயரமான கூரையைக் கண் தேடத் தொடங்கியது.

போன வருடம், என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற றஸாக் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடை மொட்டை மாடியில் ஒரு ரிப்பீட்டர் பெட்டி வைத்தார். கையில் பிடிக்கிற சின்ன செட்டின் பேச்சு தூரம் போகாது. உயரத்தில் இருக்கிற பெட்டி அதை வாங்கி, பலமாகத் திருப்பி அனுப்பும். புயலில் ஃபோன் விழுந்தாலும் திருக்கோவிலில் இருக்கிற குணம் என்கிற ரேடியோக் கூட்டாளியோடு கதைக்கலாம். அனுமதிக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். யாரும் வாசிக்கவில்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வீடு வீடாகச் சோதனை வந்தபோது, வீட்டில் கிடந்த பழைய கத்தியைக் கடலில் எறிந்த ஆட்கள் நாங்கள். கூரையில் வயரைக் கண்டால் சும்மா இருப்போமா?

செப்டெம்பரில் பெட்டி குழம்பத் தொடங்கியது. பின்னேரங்களில், அஸர் தொழுகைக்குப் பிறகு, யாரும் கதைக்காமலே செட் வைத்திருக்கிற எல்லாரிடமும் 'கர்ர்' என்று ஒரு இரைச்சல். அதற்குள் எவர் பேச்சும் எடுபடாது. அது ஏதோ ரகசியப் பாஷை என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். யாரோ வேண்டுமென்று குழப்புகிறான் என்று இன்ஷாப் காக்கா நம்பினார். ஹாஜியாருக்குப் பொலிஸ் வந்துவிடுமோ என்று பயம். வெள்ளிக்கிழமைக்குள் காரணத்தைக் காட்டாவிட்டால் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். மாரி மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

இரைச்சல் வருகிற திசையைத் தேடி, மீன்முள் மாதிரி ஒரு அன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு இன்ஷாப் காக்கா ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணவர் கத்தாரில். பின்னேரங்களில் அபாயா தைப்பேன். அவர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தால் விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பேன். அவர் போன பிறகு மறுபடி போடுவேன்.

புதன்கிழமை அவருடைய மனைவி முனவ்வறா துணியோடு வந்தா.

"என்ன றாஹிலா, இருட்டுக்குள்ள இரிக்காய்?"

"உங்கட மனிசன் வெளியில நிக்கார் ராத்தா."

"நிண்டா உன்ன விழுங்கவா போறார்? அந்தாளுக்கு என்ட முகமே ஞாபகமிரிக்கா தெரியா. கூரய மட்டும்தான் தெரியும்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "ஆரோ நம்மளப் பாத்துக்கிட்டே இரிக்கானாம் புள்ள. இவர் கிட்டப் போனா நிப்பாட்டுறானாம். தள்ளிப் போனா தொடங்குறானாம்."

கறுப்புத் துணியில் கறுப்பு நூலைக் காட்ட வெளிச்சம் வேண்டும். தையல் மெஷினில் புதிதாகப் பூட்டியிருந்த எல்ஈடி விளக்கைப் போட்டேன். அவவுடைய பையில் இருந்த செட் 'கர்ர்' என்றது. அணைத்தேன். நின்றது. மூன்று தரம் செய்து பார்த்தோம்.

"அல்லாஹ்வே! பகைகாரன் நீயா புள்ள?"

என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவ கணவரிடம் மட்டும்தான் சொன்னா. நான் விளக்கைப் போடாததால் இரைச்சல் நின்றது; ஒரு வீட்டு விளக்குதான் காரணம் என்று ஹாஜியாரிடம் சொன்ன இன்ஷாப் காக்கா, எந்த வீடு என்று சொல்லவில்லை. அதனால் வியாழக்கிழமை ஹாஜியார் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வீடு மகன்?"

"சொல்ல ஏலா ஹாஜியார்."

"அப்ப நீயே தொடங்கி நீயே நிப்பாட்டினாய். நாளைக்கு ஜும்மாத் தொழுகைக்கு முன்னுக்குக் கழட்டு."

இதை முனவ்வறா வந்து சொன்னா. என்னைக் குறை சொல்லவில்லை.

வெள்ளி காலை விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டு நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹாஜியார், சத்தம் இதாலதான். என்ட வீட்ட."

ஹாஜியார் விளக்கை வாங்கிப் பிளக்கில் சொருகினார். மேசையில் இருந்த செட் இரைந்தது.

"லைட்டுக்குள்ள ரேடியோவா வெச்சிரிந்தீங்க?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

இன்ஷாப் காக்கா ஸ்பானரோடு மாடியில் இருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. விளக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்; மலிவு எல்ஈடிக்குள் இருக்கிற மின்சுற்று ரேடியோ இரைச்சலைக் கக்குமாம், பக்கத்து மாடிப் பெட்டி அதைத்தான் வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது. "இது எங்க வாங்கின?" என்று மட்டும் கேட்டார்.

பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. விளக்கு அவருடைய கடையில் கழற்றிக் கிடக்கிறது. நான் திரையை விலக்கி, பகல் வெளிச்சத்தில் தைக்கிறேன். அந்த விளக்கை எனக்கு யார் அனுப்பினார்கள் என்று தேத்தண்ணிக் கடையில் இப்போது கேட்கிறார்களாம்.