என் வருத்தத்தின் பெயர்

2009ஆம் ஆண்டின் கடைசியில் நான் பாரிசுக்கு வந்தேன். அதற்கு முன் ஒன்பது வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு தபால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் இருந்து நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தவள். கடிதம் தொலைந்தவர்கள், ஓய்வூதியம் வராதவர்கள், படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் எல்லோருக்கும் பதில் சொன்னவள். இங்கே வந்து இறங்கிய நாளோடு என் வாயை யாரோ கழற்றி வாங்கிவிட்டதுபோல ஆகிவிட்டது. பாண் வாங்குவதற்குக்கூட விரலை நீட்டிக் காட்டினேன்.

கணவர் எனக்கு நாலு வருடம் முந்தி வந்தவர். ரூ காய் என்கிற தெருவில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. நாங்கள் பாரிசுக்கு வெளியே திரான்சியில் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு பிள்ளையாவது வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் எங்களிடம் இருக்கவில்லை.

வந்து சில மாதங்களில் அடிவயிற்றில் நோ தொடங்கியது. மாதத்தில் பத்து நாள் இரத்தம் போனது. சில நாட்களில் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. டொக்டரிடம் போகவேண்டும் என்றதும் கணவர் சொன்ன முதல் பெயர் எங்கள் ஆட்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிற ஒருவருடையது. கணவர் வேலை செய்த தெருவிலேயே அவருக்கு மளிகைக் கடை. முப்பது வருடமாக இங்கே இருப்பவர். எங்கள் ஆட்களுக்குக் கடிதம் வாசிப்பது, வதிவிட கார்ட் எடுக்க பிரெபெக்சூருக்குக் கூடப் போவது, டொக்டரிடம் மொழிபெயர்ப்பது எல்லாம் அவர்தான். யாரிடமும் ஒரு சதம் வாங்கமாட்டார். அதனால் அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்வதில்லை.

டொக்டர் வயதான பிரெஞ்சுக்காரர். கணவருக்கு வேலை. அண்ணைதான் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன செய்யுதெண்டு சொல்லுங்கோ தங்கச்சி. நான் அவருக்குச் சொல்லுறன்."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன். கந்தோரில் பழகிய பழக்கம், ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போவது, எந்தப் பக்கம் குத்துகிறது. அந்நிய ஆம்பிளைகள் இரண்டு பேருக்கு முன்னால் அப்படி நான் என் வாழ்க்கையில் கதைத்ததில்லை. அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு டொக்டரிடம் திரும்பி ஏழெட்டுச் சொல் சொன்னார். அவ்வளவுதான்.

"எல்லாம் சொன்னீங்களோ அண்ணை?"

"ஓம் ஓம். பிரெஞ்சு சுருக்கமான பாசை."

டொக்டர் வலி மாத்திரை எழுதினார்.

பதினான்கு மாதத்தில் நாலு தரம் போனோம். நாலு தரமும் நான் நீளமாகச் சொன்னேன், அவர் சுருக்கமாகச் சொன்னார், மாத்திரைதான் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் அவர் சொன்னதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தது. எல் எக்ஸாஜேர். மூன்றாம் தரம் படியிறங்கும்போது கேட்டேன்.

"அண்ணை, எக்ஸாஜேர் எண்டுறது என்ன? என்ரை வருத்தத்தின்ரை பேரோ?"

அவர் சிரித்தார். "அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோவன்."

நான் அதை என் நோயின் பெயராகத்தான் வைத்துக்கொண்டேன். அப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் குனிந்து எழும்ப முடியாமல் சுவரோடு சாய்ந்து நின்றபோது, மேற்பார்வை பார்த்த போர்த்துக்கேயப் பெண் என்னவென்று கேட்டாள். வயிற்றைத் தொட்டுக் காட்டி, "எக்ஸாஜேர்" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். தோளைக் குலுக்கிவிட்டு வாளியை என் பக்கம் தள்ளினாள். இது எல்லோருக்கும் வருகிற சாதாரண வருத்தம் போல என்று நினைத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

 

அடுத்த வருடம் திரான்சியில் பெண்களுக்கான இலவச பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். வேலையால் ஓய்வுபெற்ற ஓர் அம்மா படிப்பித்தார். ஒரு நாள் பிந்திப் போனேன். ஏன் என்று கேட்டார். தெரிந்த பிரெஞ்சையெல்லாம் சேர்த்து, எனக்கு எக்ஸாஜேர் இருக்கிறது, டொக்டருக்குத் தெரியும் என்றேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். பலகையில் ஒரு சின்ன மீனை வரைந்தார். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்து, நான் பிடித்த மீன் இவ்வளவு பெரிது என்று நடித்துக் காட்டினார். பலகையைக் காட்டினார், கைகளைக் காட்டினார். எக்ஸாஜேர்.

'எல்' என்றால் 'அவள்' என்பதை முதல் வாரமே படித்திருந்தேன். அவள் கூட்டிச் சொல்லுகிறாள். நாலு தரமும் அவர் சொன்னது அதைத்தான். நானே என் வாயால் அதை வேலையிடத்திலும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் உதவியோடு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். தனியாகப் போய் டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. பதில் சொல்ல என்னிடம் இரண்டு சொல்தான் இருந்தது. ஜே தி. சொன்னனான். திரும்பவும் சொன்னேன், ஜே தி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஸ்கானுக்கு எழுதினார்.

கர்ப்பப்பையில் கட்டிகள். அவை பெரிதாகிவிட்டிருந்தன. ஆஸ்பத்திரியில் தொலைபேசி வழியாக ஒரு தமிழ்ப் பெண்ணை மொழிபெயர்ப்புக்கு எடுத்துத் தந்தார்கள். முகம் தெரியாத அந்தப் பெண் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கர்ப்பப்பையையும் எடுக்கவேண்டும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் ஒருவேளை கட்டிகளை மட்டும் எடுத்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லுகிறார் என்றும் சொன்னாள். 

சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணையின் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். அவர் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, டொக்டரிட்டை என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"எப்ப தங்கச்சி?"

"நாலு தரமும்."

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த வருசம் வந்த எல்லாரும் அங்கை நோகுது இஞ்சை நோகுது எண்டுதான் சொன்னவை. நாட்டிலை சண்டைக்குள்ளை கண்டதுகளைக் கண்ட மனசு. பிறகு, பொம்பிளையளின்ரை உந்தக் கதையளை நான் எப்பிடி வாயாலை சொல்லுறது?"

"என்ரை வாயாலை நான் சொன்னனான். உங்கடை வாய்க்கு என்ன வந்தது?"

 கூடையோடு நின்ற ஒரு மனுசி என் தோளைத் தொட்டு, "விடு பிள்ளை. அவர் எல்லாருக்கும் உதவி செய்யிற மனுசன்" என்றாள். அண்ணை வெண்டிக்காயைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். "ஒருத்தருக்கும் நல்லது செய்யக்கூடாது" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து அல்ல. நான் வெளியே வந்துவிட்டேன்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி கணவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"கடையிலை வைச்சு நீர் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. அவர் இல்லாட்டி எங்களுக்குக் கார்ட் கிடைச்சிருக்குமே?"

"எனக்குப் பிள்ளை கிடைச்சிருக்கும்" என்றேன்.

அவர் சாப்பிடாமல் கையைக் கழுவினார். நெடுநேரம் கழித்து, "ஒருக்காலாவது நான் லீவு எடுத்துக்கொண்டு உம்மோடை வந்திருக்கலாம்" என்றார். வந்திருக்கலாம்தான். அந்த ஒரு வசனத்துக்காக அவரோடு இருக்கிறேன். ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் கோபப்படுகிறேன்.

இப்போது எனக்குப் பிரெஞ்சு ஓடும். வேலை இல்லாத நாட்களில் எங்கள் பெண்களோடு டொக்டரிடம் போகிறேன். அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுகிறேன். அழுதால், அழுகிறாள் என்றும் சொல்லுகிறேன். இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா, கெட்டதிலும் ஒரு நல்லது வந்திருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு நான் கதைப்பதை நிறுத்திவிட்டேன். என் வயிற்றில் இருக்கிற தழும்பு யாருக்கும் பாடம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் பாரிசில் எங்கள் கோயில் தேருக்குப் போயிருந்தோம். ரூ பஜோல் தெருவுக்குத் தேர் வர நேரமிருந்தது. சனத்துக்குள்ளிருந்து அண்ணை வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தலை முழுக்க நரைத்திருந்தது. கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சுகமோ?"

"இல்லை" என்றேன்.

"நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே, பின்னால் வந்த வேறு யாரையோ பார்த்துக் கையைத் தூக்கியபடி போய்விட்டார்.